ஏழாள்கிணறு: காரணம் நிலுவையில்

படிவம் நான்கில் கேள்விகள் பல இருந்தாலும் உயிர்க்கேள்வி ஒன்றுதான். 'இவ்வூருக்கு இப்பெயர் வந்த காரணம் யாது?' அதற்குக் கீழே மூன்று கட்டங்கள். ராஜா வந்தார். தெய்வம் வந்தது. துரை வந்தார். பொருந்துகிற கட்டத்தில் டிக் அடித்து, ஒன்பதாவது பத்தியில் 'பெயர் ஏற்பட்டதை நேரில் கண்ட சாட்சி' என்ற இடத்தில் ஒரு கையெழுத்தும் வாங்கிக் கொடுத்துவிட்டால் ஊர் பிழைத்துக்கொள்ளும்.

ஏழாள்கிணறு சோலைராஜ் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறியில் பதினெட்டு வருஷமாக நிற்கிறவன். எந்த இழை அறுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். இந்தத் தாளில் எது அறுந்திருக்கிறது என்று மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை.

"சார், இதுல நாலாவதா ஒரு கட்டம் வேணுமே."

எழுத்தர் விக்னேஷ்வரன் நிமிர்ந்து பார்த்தான். இருபத்தெட்டு வயது, ஒப்பந்த வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு. "எதுக்குண்ணே நாலாவது?"

"எங்கூருக்கு யாரும் வரல சார். இருந்தவியதான் செத்துப் போனாவ. அதான் பேரு."

"செத்ததெல்லாம் காரணத்துல வராதுண்ணே. அது சம்பவம்."

இந்த உரையாடல் நடந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய கல்யாண மண்டபத்தில். யாரோ ஒரு பெரிய மனிதர் ஏதோ ஒரு விழாவில் தான் போன ஊரின் பெயருக்குக் காரணம் கேட்க, கூட இருந்த ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டதாம். அந்த அவமானத்தில் பிறந்தது ஊர்ப்பெயர்க் காரண நிர்ணயக் குழு. தண்ணீர் வராத ஊருக்குத் தண்ணீர்க் குழு கிடையாது. பெயருக்குக் குழு வந்துவிட்டது. வாடகைக்குக் கிடைத்தது இந்த மண்டபம்தான் என்பதால், குழுத் தலைவர் வரதராஜ் மணமகள் அறையில் உட்கார்ந்தார். அறை வாசலில் போர்டு அப்படியே இருந்தது. பந்திக்கூடத்தில் கோப்புகள். மொய் எழுதும் மேசையில் விக்னேஷ்வரன்.

குழுவின் விதி எளிமையானது. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் காரணம் நிரூபிக்கப்படாத பெயர் 'காரணமற்ற பெயர்' என்று ரத்தாகும். அந்த இடத்துக்குக் காரணமுள்ள பெயரைக் குழுவே வைக்கும். அதுவரை எல்லாக் காகிதத்திலும் 'பெயர் நிலுவை' என்று முத்திரை விழும். ராஜபாளையத்திலிருந்து வருகிற மினிபஸ்ஸில் ஏழாள்கிணறு என்ற எழுத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியாகிவிட்டது. தேவதானம் தாண்டியதும் கண்டக்டர் கத்துவான்: "நிலுவையெல்லாம் எறங்கு, எறங்கு!"

அன்றைக்கு வரிசையில் சோலைராஜுக்கு முன்னால் யோகேஸ்வரி என்ற அம்மாள் நின்றாள். வேறொரு ஊரின் வார்டு மெம்பர். படிவத்தைப் பூர்த்தி செய்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே யோசன? ராஜா வந்தாருன்னு டிக் போடுங்க. வந்தாரு, தாகம் எடுத்துச்சு, தண்ணி குடிச்சாரு. முடிஞ்சு போச்சு சோலி."

"சாட்சி கேக்காவளே?"

"ராஜா கட்டத்துக்குச் சாட்சி வேண்டாமாம். ராஜா பொய் சொல்ல மாட்டாராம்லா."

பிற்பாடு தெரிந்தது, அந்த ஒரே ராஜா அந்த வட்டாரத்தில் நாற்பத்துமூன்று ஊர்களில் இறங்கித் தண்ணீர் குடித்திருக்கிறார். நாற்பத்துமூன்றும் அங்கீகாரம் ஆயின. ராஜாவின் உடம்புக்கு என்ன என்று குழு விசாரிக்கவில்லை.

சோலைராஜும் அந்தக் கட்டத்தில் டிக் அடித்திருக்கலாம். பேனாவை அங்கே கொண்டும் போனான். கை ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை என்றால், கதை இது. நூறு வருஷத்துக்கும் முன்னால், மலையடிவாரத்தில் ஒரு பண்ணைக்காரர் கிணறு வெட்டினார். வெட்டினார் என்றால் அவர் வெட்டவில்லை, குடை பிடிக்கச் சொல்லி மேலே நின்றார். ஐம்பதடி ஆழத்தில் பக்கமண் சரிந்தது. உள்ளே ஆறு ஆண்களும், மண் சுமந்த பேச்சியம்மாளும். தோண்டி எடுக்க நாளாகும் என்று பண்ணைக்காரர் மீதிக் குழியையும் மண் தள்ளி மூடச் சொன்னார். அறுபது அடி தள்ளி அடுத்த மாதமே வேறு கிணறு வெட்டினார்கள். அதில் தண்ணீர் வந்தது. பத்திரத்தில் அந்த இடத்துக்குக் கஸ்தூரிப் பண்ணை என்று தன் மகள் பேரை வைத்தார். வேலைக்கு வந்து குடிசை போட்டவர்கள் வாயில் அந்தப் பெயர் ஒருநாளும் நுழையவில்லை. அவர்களுக்கு அது ஏழாள்கிணறு.

அந்த ஏழு பேருக்குக் கல் கிடையாது, மாலை போடப் படம் கிடையாது. ஊர்ப் பெயர் ஒன்றுதான் அவர்களுக்கென்று இருந்தது. அதோடு ஒரு வழக்கமும் உண்டு. ஊருக்குள் வாக்கப்பட்டு வருகிற எந்தப் பெண்ணும் புதுக்கிணற்றில் முதல் குடம் இறைக்கும் முன், மூடிக் கிடக்கிற குழியைப் பார்த்து நின்று ஏழு பேரையும் பேர் சொல்ல வேண்டும். சுடலை, பெரியமாடன், சின்னமாடன், வெள்ளையன், கருத்தபாண்டி, சங்கிலி, பேச்சியம்மா. சொன்ன பிறகுதான் குடத்தில் கயிறு மாட்டுவார்கள். பேச்சியம்மா வேப்பமரத்தடியில் படுக்க வைத்துவிட்டு இறங்கிய கைக்குழந்தைதான் சோலைராஜின் தாத்தா. அவளைத் துடைத்துவிட்டு அங்கே ஒரு ராஜாவை நிறுத்தித் தண்ணீர் குடிக்க வைக்க அவனுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த விசாரணைக்கு அவன் மனைவி மகாலட்சுமி ஊர் மருமகள்கள் பதினான்கு பேரைத் திரட்டிக்கொண்டு மினிபஸ் ஏறினாள். மணமகள் அறையில் நிற்க இடமில்லாமல் நின்று பதினான்கு பேரும் ஒரே குரலில் ஏழு பேரையும் சொன்னார்கள். தட்டச்சு செய்த ஸாவித்ரி கையை எடுத்துவிட்டுக் கேட்டாள். தலைவர் வரதராஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரொம்ப நன்னா இருந்தது," என்றார் கண்ணைத் திறந்து. "நாட்டுப்புற மரபு. நான் மதிக்கிறேன். ஆனா ஆய்வுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. முதல் ஆறும் ஆம்பளை. ஏழாவது மட்டும் பொம்பளை. மண்ணு சுமக்க வந்த பொம்பளையை அந்தக் காலத்துல ஆள் கணக்குல சேர்க்கிற வழக்கமே கிடையாது. அப்போ இருந்தது ஆறு பேர்தான். பின்னாடி யாரோ அந்த அம்மாளைச் சேர்த்திருக்காங்க. இதை நாங்க இடைச்செருகல்னு சொல்லுவோம்."

மகாலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகினாள். "அவிய பெத்த புள்ளைக்குப் பேரன்தான் சார் எங்க வீட்டுக்காரரு. இடைச்செருகலுக்கு எப்படி சார் புள்ள பொறக்கும்?"

"அது மருத்துவம் சம்பந்தப்பட்டது. எங்க குழு வரம்புக்குள்ள வராது." அவர் சோலைராஜ் பக்கம் திரும்பினார். "நேரில் கண்ட சாட்சி யாராவது?"

"நூறு வருசம் ஆச்சே சார்."

"நூத்தியிருபது வயசுல யாராவது இருப்பாங்களே. விசாரிச்சீங்களா? விசாரிக்கலை. எதையும் முயற்சி பண்ணாம அரசாங்கத்தைக் குறை சொல்றது." பெருமூச்சு விட்டார். "பரவாயில்லை. விதி பதினொண்ணு இருக்கு. சாட்சி இல்லாத இடத்துல பௌதீகச் சான்று. ஏழு பேர் உள்ள இருக்காங்கன்னா எடுத்துக் காட்டுங்க. நான் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடறேன்."

ஊரில் அன்று சாயங்காலம் பேச்சு முற்றியது. அந்தக் குழியின் மேல் செருப்புக் காலோடு நடந்தவன் கிடையாது. ஆடு ஏறினாலும் விரட்டுவார்கள். அதைத் தோண்டுவதா என்றார்கள் பாதிப் பேர். பேரே போன பிறகு குழி எதற்கு என்றார்கள் மீதிப் பேர். சோலைராஜின் தம்பி மாரிசெல்வம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். கிணறு வெட்டுதான் அவன் தொழில். கிரேன், கம்ப்ரஸர் என்று செட்டு வைத்துக்கொண்டு கோவில்பட்டி வரை போய் வெட்டிவிட்டு வருவான். கல்யாணமாகி எட்டு மாதம்.

"நம்ம பூட்டி பேச்சியம்மாளை நம்மதாண்ணே எடுக்கணும்," என்றான். "எடுத்து முறையா அடக்கம் பண்ணுவோம். பேருக்குப் பேரும் ஆச்சு."

"அது கொட்டுன மண்ணுலே. பிடிமானம் கெடையாது. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். அதனாலதான் நான் எறங்குதேன். வேற எவனையும் எறக்க மாட்டேன். மேல கிரேனை நம்ம செட்டு ராம்கி பாத்துக்கிடட்டும்."

சோலைராஜ் மேலும் மறிக்கப் பார்த்தான். ஆனால் தம்பி வாயில் ஒரு சொல் வந்துவிட்டால் அது கல்லில் வெட்டின மாதிரி.

குழு நிபந்தனைகளை அனுப்பியது. ஜேசிபி கூடாது, சான்று சேதமாகும். பக்கத்துக்குச் சாரம் கட்டக் கூடாது, சான்று மறையும். வேலை காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, எழுத்தர் முன்னிலையில் மட்டும். எழுத்தர் சாப்பிடப் போகும் ஒன்றிலிருந்து இரண்டு வரை எலும்பு எதுவும் கிடைக்கக் கூடாது, கிடைத்தால் செல்லாது. விக்னேஷ்வரன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கறுப்புக் குடையும் பதிவேடுமாக வந்து குழியோரம் உட்கார்ந்தான்.

பதினோராம் நாள் நாற்பத்தெட்டு அடியில் முதல் தலை கிடைத்தது. மாரிசெல்வம் கீழேயிருந்து கூப்பிட்ட குரலை யாரும் மறக்கமாட்டார்கள். "யாருன்னு தெரியலண்ணே. ஒரு ஆளு" என்று மட்டும் சொன்னான். சோலைராஜ் தறியிலிருந்து ஒரு சுருள் பேண்டேஜ் துணி கொண்டுவந்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி, தும்பைப்பூவாட்டம் வெள்ளை. வேப்பமரத்தடியில் அதை விரித்தான். மூன்று நாளில் ஆறு தலைகள் அதன்மேல் வந்து வரிசையாக இருந்தன. மகாலட்சுமி ஒவ்வொன்றுக்கும் திருநீறு வைத்தாள். ஊரே வேலைக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

தலைவர் ஜீப்பில் வந்தார். வெயில் என்பதால் முதலில் இளநீர் குடித்தார். குடிப்பதை டிரைவர் போட்டோ எடுத்தார், பயணப்படிக்கு வேண்டியிருந்தது. பிறகு துணியோரம் வந்து விரல் நீட்டி எண்ணினார். ஒருமுறை இந்தப் பக்கமிருந்து, ஒருமுறை அந்தப் பக்கமிருந்து. ஊர்க்காரர்கள் கூடியிருந்ததால் நாலு வார்த்தை பேசினார்.

"இந்த ஆறு பேரும் எவ்வளவு ஒத்துழைப்புக் கொடுத்திருக்காங்க பாருங்க. நூறு வருஷம், ஒரே இடத்துல, அசையாம, குழுவுக்காகக் காத்திருந்திருக்காங்க. இந்தப் பொறுப்பு உயிரோட இருக்கிற பொதுமக்கள்கிட்ட இல்லையேங்கிறதுதான் என் வருத்தம். நான் இதுவரைக்கும் இருநூறு ஊருக்குக் காரணம் கண்டுபிடிச்சிருக்கேன். ஒரு ஊர்லயும் நன்றின்னு ஒரு வார்த்தை கிடையாது. ஏன்னா காரணம் தெரிஞ்சுக்கிற ஆர்வமே மக்களுக்கு இல்லை, அவங்க பாட்டுக்கு அந்த ஊர்ல வாழ்ந்துட்டுப் போயிடறாங்க. நிற்க. ஆறு இருக்கு. ஏழு எங்கே?"

"கெழக்கால இன்னும் ஒரு அஞ்சடி சார்," என்றான் மாரிசெல்வம். உடம்பெல்லாம் மண். "பேச்சியம்மா கடேசியா எறங்குனவ. ஓரமா இருப்பா. மேகம் கட்டுது, மழை ஓயட்டும். பொறவு எடுத்துத் தாரேன்."

"வெள்ளிக்கிழமை அறிக்கை போகணும். மழைக்கு விதியில இடமில்லை," என்று சொல்லிவிட்டுத் தலைவர் ஜீப்பில் ஏறினார்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே தூறல். மத்தியானம் சோலைராஜ் குழிக்குள் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டான். "போதும், ஏறி வாலே!" மாரிசெல்வம் தலையைத் தூக்கி, "செத்த நேரம்ணே. வளையல் தட்டுப்படுது" என்றான். ராம்கி கிரேனை நிறுத்திவிட்டு விக்னேஷ்வரனிடம் போனான். "சார், மண்ணு ஊறுது. நிறுத்திருவோம் சார்." விக்னேஷ்வரன் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவன் கெட்டவனில்லை. அவனுடைய ஆறு மாதம் அந்த வாரத்தோடு முடிகிறது. "இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் நடந்ததுன்னு நான் காட்டணும்ணே. நடுவுல நிறுத்தினா நீங்களே கைவிட்டதா ஆயிடும். எனக்கும் கேள்வி வரும்" என்றான்.

சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. லாரியில் மணல் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பதிவேட்டில் விக்னேஷ்வரன் எழுதினான்: 'பி.ப. 3.20. கிழக்குப் பக்கம் மண் சரிவு. பணி தற்காலிக நிறுத்தம்.'

இப்போது ஜேசிபிக்குத் தடையில்லை. ஆள் உள்ளே இருந்தால் அவசரம், எலும்பு உள்ளே இருந்தால்தான் சான்று. சாயங்காலம் மாரிசெல்வத்தை வெளியே எடுத்தார்கள். மிச்சமிருந்த பேண்டேஜ் துணியில்தான் அவனைச் சுற்றினார்கள். அவன் மனைவி சிவரஞ்சனி அழவில்லை. அவன் உள்ளங்கையைத் திறந்து பார்த்தாள். மண்தான் இருந்தது. அடுத்த நாளே பொதுமக்கள் பாதுகாப்புக் கருதிக் குழியை மூட உத்தரவு வந்தது. ஆறு பேரையும் வேப்பமரத்தடியிலேயே அடக்கம் செய்தார்கள். பேச்சியம்மா மட்டும் உள்ளேயே இருந்துவிட்டாள். இறப்புச் சான்றிதழில் இறந்த இடம் என்ற பத்தியில் 'பெயர் நிலுவை' என்று அச்சாகி வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் குழுவிலிருந்து சோலைராஜுக்கு அழைப்பு. மொட்டையடித்த தலையோடு போய் நின்றான். தலைவர் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். உட்கார நாற்காலி போடச் சொன்னார். அந்த மண்டபத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் நாற்காலி அது.

"ரொம்ப வருத்தமான விஷயம். இருந்தாலும் துக்கத்துலயும் ஒரு நல்ல சேதி இருக்கு. எண்ணிக்கை ஏழு ஆயிடுச்சு."

சோலைராஜுக்குப் புரியவில்லை.

"பழசு ஆறு. உங்க தம்பி ஒண்ணு. கிணத்துலேர்ந்து எடுத்தது மொத்தம் ஏழு. எந்த வருஷத்து எலும்புன்னு விதி பதினொண்ணு கேட்கவே இல்லை. நானே எழுதின விதி, எனக்குத் தெரியாதா? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. இந்த மேசையிலேயே பேரை அங்கீகரிக்கிறேன். உங்க தம்பி தியாகமும் வீண்போகாது."

தாள் தயாராக இருந்தது. 'மேற்படி கிணற்றில் இறந்தவர்கள் ஏழு பேர் என்றும், அவர்களைத் தவிர வேறு எவரும் இல்லை என்றும் உறுதி கூறுகிறேன்.' விக்னேஷ்வரன் பேனாவை எடுத்து நீட்டினான். முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.

சோலைராஜ் பேனாவை வாங்கிக்கொண்டான். ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு கையெழுத்து. மினிபஸ்ஸில் ஒட்டிய தாளைக் கிழித்துவிடுவார்கள். பேர் நிற்கும். பேருக்குள்ளே தம்பி இருப்பான். ஒரே ஒரு ஆள் மட்டும் வெளியே போவாள், அவளும் குழிக்குள் கிடக்கிற பூட்டி, கேட்கவா போகிறாள்? அப்புறம் வளையல் தட்டுப்படுது என்ற குரல் அவனுக்குக் கேட்டது. பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தான்.

"எந்தம்பி அவளைத் தேடித்தான் சார் எறங்குனான். அவ இல்லன்னு நான் எழுதுனா, அவன் எதுக்குச் செத்தான்?"

"அப்போ எத்தனைன்னு சொல்றீங்க? குழுவுக்கு ஒரு எண்ணிக்கை வேணும்."

"எட்டு சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. எட்டுன்னா பேரு போயிடும்."

"எட்டு," என்றான் சோலைராஜ். அவ்வளவு நாள் சார் போட்டுப் பேசியவன் அந்தத் தடவை போடவில்லை. ஸாவித்ரி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தாள்.

ஆணை நான்கு பக்கம். அதன் சாரம் இது: 'ஆறு என்பது சான்று. எட்டு என்பது மனுதாரரின் வாக்குமூலம். ஏழு என்ற எண்ணிக்கை எந்தக் கட்டத்திலும் நிரூபிக்கப்படவில்லை. ஆகவே ஏழாள்கிணறு என்பது காரணமற்ற பெயர் என ரத்து செய்யப்படுகிறது.' அதோடு படிவம் நான்கில் ஒரு சிறு திருத்தம். மூன்றாவது கட்டத்தில் 'துரை (அல்லது துரைக்கு இணையான அதிகாரி) வந்தார்' என்று சேர்க்கப்பட்டது. அந்தக் கட்டத்தில் டிக் அடித்து, இளநீர் குடிக்கும் புகைப்படத்தையும் இணைத்து, அந்த இடத்துக்கு வரதராஜபுரம் என்று குழு பெயர் வைத்தது. காரணம், தேதி, போட்டோ, எல்லாம் பொருந்தியிருந்தது. ஒன்பதாவது பத்தியில் நேரில் கண்ட சாட்சியாக விக்னேஷ்வரன் கையெழுத்துப் போட்டிருந்தான். மாவட்டத்திலேயே குறையில்லாமல் பூர்த்தியான ஒரே படிவம் அதுதான் என்று பேசிக்கொண்டார்கள். தலைவருக்குக் கூச்சம். "என் பேர்னு ஏன் நினைக்கணும்? பெருமாள் பேர்" என்றார்.

பச்சை போர்டு வந்து ஊர் முகப்பில் நின்றது. விக்னேஷ்வரனுக்கு ஆறு மாத நீட்டிப்பும் வந்தது, கூடவே ஒரு புதுப் பதிவேடும் வந்தது. புதுப்பெயரை மக்கள் பயன்படுத்துகிறார்களா என்று மாதம் ஒருமுறை நேரில் போய்க் கேட்டு எழுத வேண்டும். வேறு பெயர் சொன்னால், அந்தப் பெயருக்குக் காரணமும், அதே ஒன்பதாவது பத்தியில் நேரில் கண்ட சாட்சியும் எழுத வேண்டும். ஊரில் அவனிடம் யாரும் வாய் திறக்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டால் போர்டைக் கைகாட்டிவிட்டுப் போனார்கள். கைகாட்டியதைப் 'பயன்பாடு' என்று அவன் எழுதிக்கொண்டான்.

தை மாதம் ராம்கிக்குக் கல்யாணம். பெண் கார்த்திகா, சங்கரன்கோவில் பக்கம். தாலி கட்டி அழைத்து வந்த அன்று வெயில் தாழ்வதற்குள் புதுக்குடத்தோடு கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்கள். விக்னேஷ்வரனும் அன்றைக்குத்தான் பதிவேட்டோடு வந்திருந்தான். கல்யாண வீட்டுக்கு வந்தவனை வா என்று சொல்லவும் முடியாமல், போ என்று சொல்லவும் முடியாமல் ஓரமாக நிற்க விட்டார்கள்.

சிவரஞ்சனி வீட்டை விட்டு வரவில்லை. நல்ல காரியத்தில் போய் நிற்கக்கூடாது என்று அவளாகவே கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். மகாலட்சுமி போய்க் கதவைத் தட்டினாள். "ஏட்டி, நீ வராம அங்க கயிறு மாட்ட மாட்டேன். பாத்துக்கோ." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்துவிட்டாள். முணுமுணுத்த இரண்டு கிழவிகளை ஒரு பார்வை பார்த்தாள், அவர்கள் அடங்கிப்போனார்கள்.

கார்த்திகா மூடின குழியைப் பார்த்து நின்றாள். மண் இன்னும் புதுசாகவே இருந்தது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பெயர்களைத் தயங்காமல் சொன்னாள். சுடலை, பெரியமாடன், சின்னமாடன், வெள்ளையன், கருத்தபாண்டி, சங்கிலி, பேச்சியம்மா. சொல்லி முடித்துக் கயிற்றுக்குக் கை நீட்டினாள். யாரும் கயிற்றைக் கொடுக்கவில்லை. பெண்கள் எல்லாரும் ஒரே திசையில் பார்த்தார்கள்.

எட்டு மாதக் குடித்தனத்தில் சிவரஞ்சனி புருஷன் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. 'இந்தாங்க' என்பாள், 'உங்களத்தான்' என்பாள். இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினாள்.

"மாரிசெல்வம்," என்றாள்.

"மாரிசெல்வம்," என்று திருப்பிச் சொன்னாள் கார்த்திகா. மகாலட்சுமி கயிற்றைக் கொடுத்தாள். குடம் இறங்கி, நிறைந்து, மேலே வந்தது. சோலைராஜ் வேப்பமரத்தின் பின்னால் போய் நின்றுகொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

வேலை கெட்டுப்போகிறதே என்று விக்னேஷ்வரன் மெல்ல முன்னால் வந்தான். புதுப்பெண் என்றால் போர்டைக் கைகாட்டத் தெரியாது, வாய் திறந்து சொல்லிவிடுவாள் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. "ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு பதிவுதான். எந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்திருக்கீங்க?"

கார்த்திகா இடுப்பில் குடத்தோடு குழியைப் பார்த்தாள். சிவரஞ்சனியைப் பார்த்தாள். விரல் மடக்கி எண்ணவில்லை.

"எட்டாள்கிணறு," என்றாள்.

விக்னேஷ்வரன் பதிவேட்டைப் புரட்டினான். "அப்படி ஒரு பேரே இல்லையேம்மா. நீங்க அதைச் சொன்னா நான் காரணம் எழுதணும். நேர்ல பாத்த சாட்சி வேணும்…"

சிவரஞ்சனி அவன் எதிரில் வந்து நின்றாள். பதிவேட்டை அவன் கையிலிருந்து வாங்கி, சாட்சிக்கான ஒன்பதாவது பத்தி எது என்று பார்த்து, அதில் விரலை வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"மூணு இருவதுக்கு நீங்கதான சார் மேல குடை புடிச்சுக்கிட்டு நின்னிய. எழுதுங்க. இந்தத் தடவ சாட்சி உசுரோடதான் இருக்கு."